தழும்பில்லாத ஒப்பரேஷன்

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த தாதியருக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஓய்வுபெற்றவள்தானே என்று விட்டுவிடாமல் என்னையும் கூப்பிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு வீடியோவைப் போட்டார்கள். கருப்பை இறங்கிய ஒரு பெண்ணுக்கு, வயிற்றைக் கீறித் திறக்காமல், நாலு சின்னத் துளை வழியாகக் கமராவையும் கருவிகளையும் விட்டு, கருப்பையை மேலே தூக்கிக் கட்டுகிற சத்திரசிகிச்சை. வீடியோவில் முகமோ பெயரோ கிடையாது. ஆனாலும் முதல் தையல் விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊசியை எடுத்துக் கொடுத்தவள் நான்.

முடிந்ததும், வகுப்பை நடத்திய டொக்டர், "குறை சொல்ல ஒன்றுமே இல்லாத ஒப்பரேஷன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், இந்தப் பேஷண்ட் இப்ப எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"இருக்காங்க" என்றேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. அந்தப் பிள்ளையும் எழுந்து போய்விட்டாள். கேள்வி நல்ல கேள்வி. அதற்கு முழுப் பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

வாப்பாவுக்குப் பதுளை டவுனில் துணிக்கடை. தோட்டத்துச் சனங்கள்தான் வாடிக்கைக்காரர்கள். மேசைக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டு அவர்களுடைய பேச்சு எனக்குப் பழக்கமானது. சிங்களம் தெருவில் வந்தது. தாதிப் பயிற்சியை எல்லாரையும்போல அழுதும் தூங்காமலும் முடித்தேன்; அதில் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் பெண்கள் வார்டு, பிறகு தியேட்டர். அந்தத் தியேட்டரில் பல வருடம் தமிழ் தெரிந்த தாதி நான் ஒருத்திதான். கருவி எடுத்துக் கொடுப்பது என் வேலை. டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்குச் சொல்வதும், அவள் சொல்வதை டொக்டருக்குச் சொல்வதும் யாரும் நியமிக்காமலே என் தலையில் விழுந்த வேலை.

கருப்பை இறக்கம் எங்கள் பக்கத்தில் அரிதான நோய் அல்ல. பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்குள் மலையேறி, முதுகில் கொழுந்தைச் சுமந்து சரிவில் இறங்குகிற பெண்ணுக்கு இடுப்பின் அடித்தசை தளர்ந்துபோகும். கருப்பை மெல்ல மெல்லக் கீழே வரும். சிலருக்கு வெளியிலேயே வந்து நிற்கும். வருடக்கணக்கில் வாய் திறக்கமாட்டார்கள். சிறுநீர் அடைத்தாலோ, புண் வந்து சீழ் பிடித்தாலோதான் எங்களிடம் வருவார்கள். முன்பெல்லாம் பலருக்குக் கருப்பையையே எடுத்துவிடுவோம். சிலருக்கு வயிற்றைக் குறுக்கே கீறித் தூக்கிக் கட்டுவோம். கீறினவர்கள் வார்டில் வளைந்து வளைந்து நடப்பார்கள், இருமப் பயப்படுவார்கள், வீட்டுக்குப் போக நாளாகும்.

அந்த நிலையில்தான் சேர் மாற்றலாகி வந்தார். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் சேர் என்றே கூப்பிட்டோம். வெளிநாட்டில் இந்தத் துளை ஒப்பரேஷனைப் படித்துவிட்டு, கொழும்பில் இருக்கச் சொல்லியும் இருக்காமல், மலைக்கு வந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்பான கருவியைக் கொடுத்தால் திட்டமாட்டார். விரித்த கையை அப்படியே நீட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி நிற்பார். சரியான கருவி வந்து விழும்வரை அந்தக் கை அசையாது. திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும். கமரா பிடிக்கிற சின்ன டொக்டரிடம், "அது உன் கை இல்லை, என் கண். கண் மூச்சுவிடாது" என்பார்.

தமிழ் கொஞ்சம் பேசுவார். எங்கே பொறுக்கினாரோ, எல்லாரையும் நீ என்றுதான் சொல்லுவார். "அது மரியாதை இல்லை சேர், நீங்க என்று சொல்லணும்" என்று ஒருதரம் சொன்னேன். அன்றிலிருந்து தன் கீழே வேலை செய்கிற என்னையும் நீங்க என்றார்.

செல்வராணி தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தாள். நாலு பிள்ளைகள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. புருஷன் வெலிமடையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவன். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். சிறுநீர் அடைத்து வந்தவளுக்குக் குழாய் போட்டுவிட்டு, திரைச்சீலையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"கடைசிப் புள்ள பொறந்ததிலருந்து மிஸ். காலையில கையால உள்ள தள்ளிட்டு, பழைய சீலையக் கிழிச்சு இறுக்கிக் கட்டிக்குவேன். கட்டிக்கிட்டா பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போயிரலாம். மத்தியானம் கொழுந்து நெற போட வரும்போது திரும்ப எறங்கிரும்."

"வீட்டுக்காரர்ட்ட சொல்லலையா?"

"அவருக்கு என்னா தெரியும். மாமியா கிட்ட சொன்னேன். எல்லாருக்கும் உள்ளதுதான்னு சொல்லிருச்சு."

கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. அத்தனை வருடம் அந்தச் சீலைக் கிழிசலோடு மலையில் நின்றிருக்கிறாள்.

சேர் பார்த்தார். கருப்பை நல்லபடியாக இருக்கிறது, எடுக்க வேண்டியதில்லை, தூக்கிக் கட்டினால் போதும் என்றார். சுமக்கிறவள் என்பதால் நூலை மட்டும் நம்பமுடியாது. கருப்பையின் கழுத்திலிருந்து முதுகெலும்பின் அடிவரை வலைத்துணி ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். அது உடம்பிலேயே இருந்துவிடும். அதில் வரக்கூடிய கெடுதல்களையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். கடைசியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"திரும்பக் கொழுந்தெடுக்கலாமா?"

"மூன்று மாதம் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக்கூடாது. தையலைச் சுற்றி உடம்பு வளர்ந்து இறுக வேண்டும். அதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக" என்றார் சேர்.

அந்த ஒப்பரேஷனை நான் மறக்கமாட்டேன். தலைப்பக்கம் தாழ்ந்திருக்கக் கட்டிலைச் சரித்தோம். தொப்புளில் ஒரு துளை போட்டு, வாயுவை விட்டு வயிற்றைக் கூடாரம்போல எழுப்பினோம். அதில் கமரா. பக்கவாட்டில் இன்னும் மூன்று துளை. கட்டில் சரிந்திருந்ததால் குடல் மேலே ஒதுங்கிக் கொடுத்தது. முதுகெலும்பின் அடிமேட்டைக் கருவியின் முனையால் சேர் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். திரையில் அது வெள்ளையாக, ஈரமாகத் தெரிந்தது. அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. வலது பக்கம் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய். அதைத் தொட்டால் புழுவைப்போல நெளியும். நெளிவதைக் கண்ணால் பார்க்கும்வரை சேர் வெட்டமாட்டார். அன்றைக்கு அது நெளியத் தாமதித்தது. மொத்தத் தியேட்டரும் காத்திருந்தது. நெளிந்தது. வெட்டினார்.

வலைத்துணியைத் திறக்குமுன் எல்லாரையும் கையுறை மாற்ற வைத்தார். கருப்பையின் கழுத்தில் தைத்து, மறுமுனையை மேட்டில் தைத்து, இழுத்துப் பார்த்தார். அதிகம் இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. பிறகு வலைத்துணி வெளியே தெரியாதபடி உள்சவ்வை அதன்மேல் மூடித் தைத்தார். இரத்தம் என்று சொல்ல ஒரு பஞ்சுகூட நனையவில்லை. முகமூடியைக் கழற்றியபோது அவர் சிரித்தார். சேர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த நாள் செல்வராணி எழுந்து நடந்தாள். வலி பெரிதாக இல்லை. கட்டு மாற்றப் போனபோது சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைப் பார்த்தாள். நாலு சின்னப் பிளாஸ்டர். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"இவ்வளவுதானா மிஸ்?"

"இவ்வளவுதான். தழும்புகூடத் தெரியாது."

"அப்ப இத யாருக்குக் காட்டுறது?"

எனக்கு விளங்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "போறப்ப ஒரு பெரிய பிளாஸ்டரா, இங்கருந்து இங்க வரைக்கும் ஒட்டி விடுங்க மிஸ்."

சேரிடம் சொன்னேன். அவர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார். "சின்னக் காயத்துக்குச் சின்னக் கட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது என்று மருத்துவச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோக அவளுடைய மூத்த மகள் வந்திருந்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து, ஆறாவது கிழமை கிளினிக்குக்கு வந்தாள். சோதித்துப் பார்த்த சேர், கருப்பை வைத்த இடத்திலேயே இருக்கிறது என்றார். மெலிந்திருந்தாள். வெளியே கூட்டிக்கொண்டு வந்து கேட்டேன்.

"வேலைக்குப் போறீங்களா?"

"ரெண்டு கிழமையிலயே போயிட்டேன் மிஸ்."

சான்றிதழைக் கொண்டுபோய்த் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்திருக்கிறாள். அங்கே வயிற்றைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காட்டியிருக்கிறாள். 'இது கொசு கடிச்ச மாதிரி இருக்கு' என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில், வேலை பிரிக்கிற கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும், 'பெரிய ஒப்பரேஷன்காரி வந்துட்டா' என்று கூப்பிட்டிருக்கிறார். வீட்டில் மாமியார், வெட்டாமல் கொள்ளாமல் என்ன ஒப்பரேஷன் என்று கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை வந்த புருஷன் அம்மா பக்கமும் பேசவில்லை, இவள் பக்கமும் பேசவில்லை.

நான் சேரிடம் சொன்னேன். அந்த இடத்திலேயே தோட்டத்து மனேஜர் துரைக்குப் போன் எடுத்தார். ஆங்கிலத்தில் இரண்டு பேரும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். கவனிப்பதாகத் துரை சொன்னாராம். இரண்டு கிழமை போனது. அவளைத் தெரிந்த இன்னொரு நோயாளியிடம் விசாரித்தேன். இன்னும் மலையில்தான் நிற்கிறாள் என்றாள்.

எனக்கு ஓய்வு கிடைத்த ஒரு நாளில் பஸ் ஏறித் தெமோதரைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் தோட்டத்துக்குப் போனேன். அப்படிப் போவது தாதியின் வேலை அல்ல என்று எனக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை கந்தோர் மேசையில் இருந்தார். கெட்ட மனிதராக எதிர்பார்த்துப் போயிருந்தேன். எழுந்து நின்று, "உக்காருங்க மிஸ்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார்.

"மிஸ், நான் ஒண்ணும் அந்த அம்மாவுக்கு எதிரி இல்லீங்க. கொழுந்து மலையில முத்திப் போகுது. ஆள் இல்ல. டொக்டர் துண்டு கொண்டு வர்ற எல்லாரையும் லயத்துல இருக்கச் சொன்னா மேல என்னைக் கேப்பாங்க."

"துண்டு பெரிய டொக்டர் எழுதினது. உள்ளுக்குள்ள வலைத்துணி வெச்சுத் தச்சிருக்கு. அது விட்டுப்போனா திரும்ப முதல்லருந்து."

"நீங்க சொல்றீங்க, நான் நம்புறேன். மத்த சனம் நம்பணும்ல. போன வருசம் ஒரு அம்மாவுக்கு ஒப்பரேஷன். இங்கருந்து இங்க வரைக்கும் வெட்டு." கையை வயிற்றின் குறுக்கே இழுத்துக் காட்டினார். "ஒரு வார்த்தை கேக்கல மிஸ். மூணு மாசம் லீவு குடுத்தோம். அத யாரும் குறை சொல்லல. கண்ணால பாக்கிறாங்கல்ல. இந்த அம்மா நல்லா நடக்குது, வருது, போகுது. இதுக்கும் லீவுன்னா நாளைக்கு நாப்பது பேரு வந்து நிப்பாங்க."

நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. சேர் மறுபடியும் துரையிடம் பேசுவார் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். கடைசியில், "சரிங்க மிஸ். நாளையிலருந்து நாத்து மேடைக்குப் போடுறேன். லேசான வேலை. நெழல்ல நிக்கலாம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நல்லதொரு காரியம் செய்துவிட்ட நினைப்பில் பதுளை வந்து சேர்ந்தேன்.

நாற்று மேடையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய் வேலை செய்யவில்லை. கீழே ஓடையிலிருந்து கேனில் மொண்டு, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். அதுதான் லேசான வேலை. வெயில் காலம், காலையும் மாலையும் ஊற்றினார்கள். செல்வராணி மறுபேச்சுப் பேசவில்லை. நான் போய்ச் சண்டைபிடித்து வாங்கிக் கொடுத்த வேலை அல்லவா. வேண்டாம் என்று சொன்னால் எனக்கு மரியாதை இல்லை என்று நினைத்தாளாம். இதை அவளே எனக்குச் சொன்னாள், திரும்பவும் வார்டில் வந்து படுத்த பிறகு.

ஒரு நாள் கேனோடு ஏறும்போது முதுகின் அடியில் ஏதோ அறுந்த மாதிரி இருந்திருக்கிறது. இரண்டு நாளில் கருப்பை முன்புபோலவே கீழே இறங்கிவிட்டது.

சேர் அவளைச் சோதித்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். மத்தியானம் ஒரு கையெழுத்துக்காகப் போனேன். முதல் ஒப்பரேஷனின் வீடியோவை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகெலும்பு மேட்டில் தைத்த இடம் வந்ததும் நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், திரும்பப் பார்த்தார்.

"இந்தத் தையல் ஆழம் போதாதா, சிஸ்டர்? நீங்க பக்கத்தில நின்றீங்க. சொல்லுங்க."

"போதும் சேர்."

"எனக்கும் அப்படித்தான் படுகிறது" என்றார். அவர் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது. தன் கையில் ஒரு பிழை அகப்பட்டிருந்தால் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அதை அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். ஓடையிலிருந்து நாற்று மேடைக்கு ஏறுகிற பாதையை எந்த ஊசியால் தைப்பது?

மறுபடியும் துளை வழியாகவே போய்த் திரும்பக் கட்டலாம் என்று முடிவு செய்தார். அதைச் செல்வராணிக்குச் சொல்ல இரண்டு பேரும் வார்டுக்குப் போனோம். நான் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். சேரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மிஸ், இந்தத் தடவை பெருசா வெட்டச் சொல்லுங்க."

நான் சேரிடம் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்கிறார். விளக்கிச் சொல்லுங்கள். வலி அதிகம். காயம் சீழ் பிடிக்கலாம். குணமாக எவ்வளவோ நாளாகும்."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"தெரியும் மிஸ். அந்த நாளு வேணும்னுதான் கேக்குறேன். இந்த ஐயா கைக்கு ஒரு குறையும் இல்ல. அவரு நல்லாத்தான் தச்சாரு. ஆனா அவரு உள்ள தச்சதை அங்க யாரும் பாக்க மாட்டாங்க."

இதையும் சொல்லுக்குச் சொல் அவருக்குச் சொன்னேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பெண்களுடைய வார்த்தையைச் சற்று மெருகிட்டு டொக்டர்களிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சேர் தமிழில், "நீங்க படுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒப்பரேஷன் அன்று வழக்கம்போல முதலில் கமராவை விட்டார். வலைத்துணியின் மேல்முனை மேட்டிலிருந்து கழன்று தொங்கியது. இடது பக்கம் ஓரிடத்தில் குடல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைவிட மோசமான ஒட்டல்களைத் துளை வழியாகவே அவர் பொறுமையாகப் பிரித்து நான் பார்த்திருக்கிறேன். திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கமராவை வெளியே எடுக்கச் சொன்னார்.

"பெரிய வெட்டுக்கான செட்டைக் கொடுங்கள்."

மயக்க மருந்து கொடுத்த டொக்டர் எட்டிப் பார்த்தார். "ஏன், என்ன பிரச்சினை?"

"ஒட்டல்" என்றார் சேர்.

நான் கத்தியை அவர் கையில் வைத்தேன். குறுக்கே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வெட்டினார். தேவையான நீளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதைத் தாண்டியும் போனார். அவ்வளவு மெல்லிய தையலுக்குப் பேர்போன மனிதர், தோலை மட்டும் கம்பிக் கிளிப் போட்டு மூடினார். கிளிப் எடுத்த பிறகும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

செல்வராணி அந்த முறை வலியில் துடித்தாள். காயத்தின் ஒரு முனையில் நீர் கட்டி, தினமும் கழுவிக் கட்ட வேண்டியிருந்தது. நான் கழுவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். ஒருதரம்கூட வருத்தப்பட்டுப் பேசியதில்லை. வீட்டுக்குப் போனபோது வளைந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதம் லயத்தில் இருந்தாள். மாமியார் கஞ்சி வைத்துக் கொடுத்தாளாம். புருஷன் வெலிமடையிலிருந்து கரட்டும் லீக்சும் கொண்டுவந்து போட்டானாம். கணக்கப்பிள்ளையே வந்து பார்த்துவிட்டு, பாவம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். கருப்பை இன்றைக்கும் கட்டிய இடத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் 'இருக்காங்க' என்று நான் சொன்னது பொய் அல்ல.

முதல் ஒப்பரேஷனின் வீடியோவைத்தான் எல்லா வகுப்பிலும் காட்டுகிறார்கள். இரண்டாவதை யாரும் படம் எடுக்கவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்பு வார்டுக்கு இன்னொரு பெண் வந்தாள். செல்வராணியைவிட இளையவள். அதே நோய். சேர் கட்டிலருகே நின்று துளை ஒப்பரேஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டுவர, நான் தமிழில் சொல்லிக்கொண்டுவந்தேன். பாதியில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மிஸ், செல்வராணி அக்காவுக்கு ரெண்டாவதா வெட்டுனாங்களே, எனக்கு மொதல்லயே அப்பிடி வெட்டச் சொல்லுங்க."

சேருக்கு அந்தப் பெயர் மட்டும் விளங்கியது. நான் மீதியைச் சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி, படிவத்தில் ஒப்பரேஷனின் பெயர் எழுதும் இடத்தில் வைத்துக்கொண்டு, அவளிடம் நேராகவே கேட்டார்.

"நீங்க எந்தத் தோட்டம்?"